பதினேழு பேருக்கு நாலு குளியலறை: மதுரையில் ரூம் போட்ட கணக்கு

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மதுரை லாட்ஜ்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியின் லாட்ஜ் போர்டுகளை டவுன் பஸ் ஜன்னலில் இருந்து நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். ஒன்றின் படியைக்கூட மிதித்ததில்லை. 2025 ஐப்பசியில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வந்தபோதுதான் மிதித்தேன். தாய்மாமன் என்ற முறையில் கம்மலும் சீர்த்தட்டும் என் பொறுப்பு. கூடவே வெளியூர்க் கூட்டத்துக்கு ரூம் போடுவதும் என் தலையில் வந்து விழுந்தது. "உள்ளூர்க்காரன் நீதானப்பா, உனக்குத் தெரியாததா" என்றார் அம்மா.

இடம் அழகர்கோவில். பதினெட்டாம்படி கருப்பு மாப்பிள்ளை வீட்டுக்குக் குலசாமி. முடி எடுத்து, காலை 9 மணிக்குள் காது குத்தி முடித்துவிட வேண்டும். முதலில் குறித்த நாள் கந்த சஷ்டி வாரத்துக்குள் விழுந்தது. அழகர்மலையிலேயே பழமுதிர்சோலையும் இருக்கிறது. சூரசம்ஹாரக் கூட்டத்தில் வேனும் கிடைக்காது, ரூமும் கிடைக்காது என்று அதற்கடுத்த வாரங்களில் ஒரு ஞாயிறுக்குத் தள்ளினோம். இன்னும் தள்ளினால் கார்த்திகை பிறந்துவிடும். மாலை போட்ட ஐயப்ப பக்தர்களின் வேன்கள் மதுரையை நிறைக்கத் தொடங்கினால் தை மாதம் வரைக்கும் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்காரர்கள் பேச்சுக்கே நிற்க மாட்டார்கள். மதுரையில் ரூம் வாடகையை முடிவு செய்வது பஞ்சாங்கம்தான். சித்திரைத் திருவிழா, முகூர்த்த நாள், சபரிமலை சீசன் மூன்றுக்கும் இடையில் கிடைக்கிற இடுக்கில் விசேஷத்தை வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் முதலிலேயே சரியாகச் செய்தோம்.

வந்தவர்கள் மொத்தம் 17 பேர். சென்னையிலிருந்து சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் இருவர் என 8 பேர். பாண்டியன் எக்ஸ்பிரஸில் சனிக்கிழமை விடியற்காலை இறங்கி, ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்புகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அக்கா வீட்டார் 5 பேர், மாமியாரையும் சேர்த்து. சனி மாலை 6 மணி வாக்கில் ஆரப்பாளையத்தில் இறங்கி, ஞாயிறு மாலை 4 மணிக்குக் கிளம்புவார்கள். பெங்களூரிலிருந்து அத்தை மகன் மச்சான், மனைவி, இரண்டு பிள்ளைகள். காரில் சனி மாலை வந்து, திங்கள் விடியுமுன் 4 மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். எங்கள் வில்லாபுரம் வீட்டில் இரண்டே படுக்கையறை. அதில் ஏற்கெனவே சிவகாசிப் பெரியம்மா வந்து இறங்கியாகிவிட்டது.

இந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். ரயிலுக்கு யார் போவது, பஸ்ஸுக்கு யார் போவது என்று பிரித்துக்கொள்ளத்தான் எழுதினேன். கடைசியில் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது அந்தத் தாள்தான்.

எந்தப் பக்கம்?

முதலில் மாட்டுத்தாவணிப் பக்கம் பார்த்தேன். விசாலமான ரூம், கார் நிறுத்த இடம், அங்கிருந்து அழகர்கோவில் சாலையைப் பிடிப்பதும் சுலபம். வாடகையும் ரூமுக்கு இருநூறு முந்நூறு குறைவு. ஆனால் சென்னைக்காரர்களுக்குச் சனிக்கிழமை முழுக்க மீனாட்சி அம்மன் கோவில்தான் திட்டம். மாட்டுத்தாவணியிலிருந்து டவுனுக்கு ஐந்தாறு கிலோமீட்டர். எட்டு பேருக்கு மூன்று ஆட்டோ. போக ஒரு முறை, வர ஒரு முறை. நடை சாத்துகிற மத்தியான நேரத்தில் சாப்பிட்டுத் தூங்க ரூமுக்கு வந்தால் இன்னொரு முறை போய் வர வேண்டும். மிச்சம் பிடித்ததெல்லாம் ஆட்டோவிலேயே போய்விடும்.

ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் என்றால் நடந்தே மேலக் கோபுரத்துக்குப் போய்விடலாம். கணக்கில் வராத இன்னொரு வசதியும் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்குப் பிறகு கோவிலுக்குள் செல்போனுக்குத் தடை. எட்டு பேர் போனையும் பாதுகாப்பறையில் கொடுத்து டோக்கன் வாங்கி, திரும்ப வரிசையில் நிற்பதற்குப் பதிலாக, ரூமிலேயே வைத்துப் பூட்டிவிட்டுக் கை வீசிக்கொண்டு போய் வரலாம். சித்திரை வீதிகளுக்குள் வண்டி போகாததால், எங்கே தங்கினாலும் கடைசித் தூரத்துக்கு நடைதான்.

சென்னைக் கூட்டத்துக்கு மட்டும் ஜங்ஷன் ரிட்டயரிங் ரூமையும் யோசித்தேன். கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோ ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே எடுக்கலாம், 48 மணி நேரத்துக்கு மேல் தரமாட்டார்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் என்பதால் எங்களுக்கு இரண்டு பி.என்.ஆர்., இரண்டு புக்கிங். இரண்டு பேர் வந்து போக அருமையான ஏற்பாடு. எட்டு பேருக்கு ஒத்துவராது. அழகர்கோவில் சாலையில் இருக்கிற அரசு ஓட்டல் தமிழ்நாட்டில் தான் மட்டும் தங்கிக்கொள்வதாகப் பெங்களூர் மச்சான் சொன்னார். கூட்டத்தைப் பிரிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

"லோக்கல் ஐடியா சார்?"

டவுன்ஹால் ரோட்டில் முதல் லாட்ஜுக்குள் நுழைந்தேன். ரிசப்ஷனில் இருந்த பையன் நல்ல மரியாதையாகத்தான் பேசினான். ரேட் சொன்னான், ரூமைக் காட்டினான். ஆதாரை நீட்டியதும் முகம் மாறிவிட்டது. "சார், மதுரை அட்ரஸா? லோக்கல் ஐடிக்கு ரூம் கொடுக்கறதில்ல சார்." எனக்கு இல்லை, சொந்தக்காரர்களுக்கு என்றேன். "அவங்களையே வரச் சொல்லுங்க சார்" என்றான். அப்படி ஒரு சட்டம் கிடையாது. போலீஸ் விசாரணை, வீட்டுச் சண்டை எதுவும் தன் வாசலுக்கு வந்துவிடக்கூடாது என்று லாட்ஜ்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற வழக்கம். சொந்த ஊரிலேயே எனக்கு ரூம் இல்லை என்று வீட்டில் சொன்னபோது பெரியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

அப்புறம் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் மூன்று இடத்திலிருந்தும் ஆளுக்கொரு ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டேன். முதல் எட்டு இலக்கத்தை மறைத்த நகலாக எடுக்கலாம். அதையே கேட்டு வாங்கினேன். ரூம் அவர்கள் பெயரில், அட்வான்ஸ் என் கையால். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

ஆப்பிலும் தேடாமல் இல்லை. ஆப்பில் காட்டுகிற விலை இரண்டு பேருக்கானது. மூன்றாவது ஆளைச் சேர்த்ததும் தாவும், கடைசித் திரையில் வரி சேர்ந்து இன்னொரு முறை தாவும். நாலு ரூமும் ஒரே மாடியில் வேண்டும், சித்தப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் தரைத்தளமோ முதல் மாடியோதான் வேண்டும், கழிவறை வெஸ்டர்னாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எந்த ஆப்பிலும் பேச முடியாது. ஆப்பில் பெயரைப் பார்த்துக்கொண்டு, நேரில் போய் விலை பேசுவதுதான் சரிப்பட்டது.

நேரம்தான் வாடகை

நான்காவதாகப் போன லாட்ஜ் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது. பழைய கட்டடம், லிஃப்ட் இல்லை, ஆனால் முதல் மாடியில் நாலு கட்டில் போட்ட ஏ.சி. ஃபேமிலி ரூம் மூன்று காலி. ரூமுக்கு ஒரு நாளைக்கு 2,800 ரூபாய். டபுள் ரூம் 1,600. கூடுதல் மெத்தை ஒன்றுக்கு 300. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குக் காசில்லை.

ரேட் எழுதிச் சுவரில் மாட்டியிருந்த போர்டில் வேறு ஒரு வரியும் இருந்தது: 24 மணி நேரம். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கூட வந்த மாப்பிள்ளைதான் கவனித்தார். மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக ஊர் ஊராக லாட்ஜில் தங்குபவர். "மாமா, ரேட்டை விடுங்க. செக்-அவுட் எப்படின்னு கேளுங்க" என்றார்.

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பகல் 12 மணிக்கு எல்லாரும் காலி செய்யும் ஓட்டல். மற்றது, நாம் எத்தனை மணிக்கு நுழைந்தோமோ அடுத்த நாள் அதே மணி வரை ஒரு நாள் என்று கணக்கு வைக்கும் லாட்ஜ். ரயில் நிலையத்தைச் சுற்றிய பழைய லாட்ஜ்களில் இரண்டாவது வகை நிறைய உண்டு. ஆனால் ஆப்பில் பெரும்பாலும் 12 மணி என்றே காட்டும்; நேரில் கேட்டால்தான் உண்மை தெரியும்.

ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கொண்டுவந்து கணக்குப் போட்டோம். சென்னைக்காரர்கள் சனி காலை 5.30-க்கு நுழைந்து ஞாயிறு இரவு கிளம்பினால் 24 மணி கணக்கில் இரண்டு நாள். இரண்டு ஃபேமிலி ரூம், 11,200 ரூபாய். கோயம்புத்தூர்க்காரர்கள் மாலை 6-க்கு வந்து மறுநாள் 4-க்குப் போனால் ஒரே நாள். ஒரு ஃபேமிலி ரூம், ஒரு மெத்தை, 3,100. பெங்களூர் மச்சானுக்கு டபுள் ரூம், பெரிய பிள்ளைக்கு மெத்தை, இரண்டு நாள், 3,800. ஆக மொத்தம் 18,100.

இதே வாடகையை 12 மணி ஓட்டலில் போட்டுப் பார்த்தோம். சென்னைக்காரர்கள் விடியற்காலை வந்ததால் வெள்ளி பகல் முதலே நாள் தொடங்கிவிடும். ஞாயிறு இரவு வரை என்றால் மூன்று நாள், 16,800. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நடுவில் ஒரு 12 மணி குறுக்கே வருவதால் இரண்டு நாள், 6,200. மச்சானுக்கு மட்டும் மாற்றமில்லை. மொத்தம் 26,800. பேசிப் பார்த்தால் அரை நாள் வாடகைக்கு இறங்கி வருவார்கள்தான். அப்படியும் பெரிய வித்தியாசம். ரேட்டில் நூறு இருநூறு குறைக்க நான் அரைமணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, 8,700 ரூபாய் சுவரில் எழுதி மாட்டியிருந்திருக்கிறது.

அட்வான்ஸ் கொடுத்தோம். இத்தோடு நின்றிருந்தால் இது வெற்றிக் கதை.

எங்கே சறுக்கியது

மேனேஜர் இன்னொரு யோசனையும் சொன்னார். ஃபேமிலி ரூமுக்குப் பதிலாக எல்லாருக்குமே டபுள் ரூம் போடலாம், ஏழு ரூம் தருகிறேன் என்றார். சென்னைக்கு நாலு, கோயம்புத்தூருக்கு இரண்டும் ஒரு மெத்தையும், பெங்களூருக்கு ஒன்று. அதற்கு 20,100 வந்தது. ஃபேமிலி ரூமை விட 2,000 அதிகம். தலைக்குப் பார்த்தால் 118 ரூபாய்கூட இல்லை. "எல்லாரும் ஒரே ரூமில் படுத்துப் பேசிக்கிட்டிருந்தாத்தானே விசேஷ வீடு" என்று நான்தான் ஃபேமிலி ரூமைப் பிடித்துக்கொண்டேன். கட்டில்களை எண்ணினேன், மெத்தையை எண்ணினேன், ஏ.சி. ஓடுகிறதா என்று பார்த்தேன். ஏழு ரூம் என்றால் ஏழு குளியலறை, நாலு ரூம் என்றால் நாலே குளியலறை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை அது யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் குளித்தார்கள், கோவிலுக்குப் போனார்கள், இரவு பத்து மணிக்கு எல்லாரும் ஒரே ரூமில் உட்கார்ந்து பன் பரோட்டா பிரித்தார்கள். நான் நினைத்த விசேஷ வீடு அப்படியே வந்தது.

ஞாயிறு காலை 6 மணிக்கு வேன். சந்துக்குள் வேன் நுழையாது என்பதால் ஸ்டேஷன் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தேன். 5.15-க்கு லாட்ஜுக்குப் போனபோது முதல் மாடி வராந்தாவில் துண்டும் சோப்பு டப்பாவுமாக ஆறு பேர். எல்லார் கண்ணும் குளியலறை வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் அட்டையில். "சுடு தண்ணீர் காலை 5.30 - 9.00".

ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்திருந்தது. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்தப்பா மட்டும் குளித்துவிட்டுப் பல் கிட்டிப்போய் நின்றார். 5.30-க்கு வர வேண்டிய சுடு தண்ணீர் குழாயில் சூடாக 5.45 ஆகிவிட்டது. கோயம்புத்தூர் ரூமில் ஐந்து பேருக்கு ஒரு குளியலறை. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதில் மாமியாருக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும். மாப்பிள்ளையின் அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கெட்டைக் கீழே வைத்தார். அந்தப் பக்கெட் வைத்த சத்தத்தில் எல்லாம் அடங்கியிருந்தது.

வேன் 7.10-க்குக் கிளம்பியது. டிரைவர் காத்திருந்ததற்கு 300 ரூபாய் தனியாகக் கேட்டார், கொடுத்தேன். சித்தி ஈரத்தலையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முடியை வெளியே விரித்துக் காயவைத்துக்கொண்டே வந்தார். அழகர்கோவில் போய் இறங்கும்போது 8 தாண்டிவிட்டது. அவசர அவசரமாக முடி எடுத்து, சந்தனம் பூசிய கதவுக்கு எதிரே கும்பிட்டு, குழந்தையை மடியில் வைத்து இரண்டாவது காதைக் குத்தி முடிக்கையில் மணி ஒன்பதுக்குப் பத்து நிமிடம். தட்டில் இருந்த வாழைப்பழத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து மூன்று குளியலறையை விட்டேன். நேரம் குறித்த விசேஷத்துக்கு வருகிற கூட்டம் என்றால், எத்தனை பேர் ஒரே நேரத்தில் குளித்துக் கிளம்ப வேண்டும் என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும். படுக்கத் தரையில் பாய் விரித்தாலும் ஆகிவிடும். சும்மா ஊர் சுற்ற வருகிற குடும்பம் என்றால் இதே ஃபேமிலி ரூம் அற்புதமான ஏற்பாடு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பில்

மத்தியானம் விருந்து முடிந்து கோயம்புத்தூர்க்காரர்கள் ரூமைக் காலி செய்ய வந்தபோது இன்னொரு கூத்து. மாப்பிள்ளையுடைய அக்காவின் வீட்டுக்காரர் என்னை முந்திக்கொண்டு ஜிபேயில் ஸ்கேன் செய்யப் போனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட வாங்கிக்கிட்டுத் தங்குற ஆளு நான் இல்லீங்க" என்றார் கோயம்புத்தூர் மரியாதையோடு. இழுபறிக்கு நடுவே பில்லைப் பார்த்தேன். 3,100-க்கு வரி 372 போட்டிருந்தது.

12 சதவீதம். நான் செப்டம்பர் முதல் வாரம் விசாரித்தபோது அதுதான் வரி. 2022 ஜூலை 18-க்கு முன் ஆயிரம் ரூபாய் வரையிலான ரூமுக்கு வரியே இல்லாமல் இருந்தது. அதற்குப் பிறகு 7,500 வரைக்கும் 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் அதே 7,500 வரையிலான ரூமுக்கு 5 சதவீதம்தான். லாட்ஜ்காரர் பழைய எஸ்டிமேட் தாளைப் பார்த்து அப்படியே பில் போட்டிருந்தார். சொன்னதும் ஆடிட்டருக்குப் போன் போட்டார், இரண்டு நிமிடத்தில் 155 என்று திருத்திக் கொடுத்தார். கோயம்புத்தூர் ரூமுக்கு 217 ரூபாய் குறைந்தது. நாலு ரூமுக்கும் சேர்த்துப் பார்த்தால் 1,267. வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பார்க்காமல் கட்டியிருந்தால் போனதுதான்.

தேடித் திரிந்தபோது ஒரு இடத்தில் "பில் வேணாம்னா வரி இல்லாம தர்றேன்" என்றார்கள். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற சின்ன லாட்ஜ் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை; அங்கே வரி கேட்காதது நியாயம்தான். பதிவு வைத்துக்கொண்டு பில் வேண்டாம் என்பது வேறு. பில் இல்லாமல் நாலு ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ரூம் இல்லை என்று சொன்னால் யாரிடம் போய் நிற்பது?

கோயம்புத்தூர் ரூமுக்குக் கடைசியில் அவரே கட்டினார். மற்ற ரூம்களை நான். ஞாயிறு இரவு சென்னைக்காரர்களை ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப்போய் வண்டி ஏற்றினேன். ஐந்து நிமிட நடை, ஆட்டோ இல்லை. பெங்களூர் மச்சான் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவதால் அவர் ரூம் கணக்கையும் முடித்துவிட ரிசப்ஷனுக்குத் திரும்பினேன். விடியுமுன் ஷட்டரைத் திறக்க ஆள் வேண்டும் என்று இந்த முறை மறக்காமல் முன்கூட்டியே சொன்னேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு அப்போதே சொல்லி வைத்தார் மேனேஜர்.

காலையில் நடந்த குளியல் ரகளையைப் பற்றியும் சும்மா சொன்னேன், புகாராக இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காதுகுத்துன்னு முந்தின நாள் ராத்திரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். மூணரைக்கே பாய்லரைப் போட்டிருப்பேனே. கல்யாணப் பார்ட்டிக்கெல்லாம் அப்படித்தான போடுறோம்."